பிளாக் போஸ்ட் எவ்ளோ நீளமா எழுதணும்? 300, 800, 2,000, தொடர்: நாலையும் வச்சு ஒரு ஒப்பீடு

போன மாசம் ரெண்டு பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்விய கேட்டிருந்தாங்க. ஒருத்தர் மாடித்தோட்டம் பத்தி புதுசா பிளாக் ஆரம்பிச்சிருக்காரு, மீன் அமிலம் (மீனையும் வெல்லத்தையும் ஊற வச்சு செய்யற செடி ஊட்டம்) தயாரிக்கறது பத்தி ஒரு போஸ்ட் எழுதி முடிச்சிட்டு பத்து நாளா பப்ளிஷ் பண்ணாம வச்சிருக்காரு, காரணம் எவ்ளோ எழுதினாலும் அது 600 சொல்லுக்கு மேல போகல, "2,000 சொல் இல்லன்னா கூகுள் கண்டுக்கவே கண்டுக்காதுன்னு எல்லாரும் சொல்றாங்களே"ன்னு அவருக்கு பயம். இன்னொருத்தங்க சமையல் எழுதறவங்க, அவங்களுக்கு நேர் எதிர் பிரச்சனை. ஒவ்வொரு குறிப்பும் 2,500 சொல் எழுதறாங்க, ஆனா கீழ கமெண்ட்ல "உப்பு எவ்ளோ போடணும் அக்கா"ன்னு கேக்கறாங்களாம். உப்பு அளவு உள்ளயே இருக்கு, யாரும் அது வரைக்கும் போகல.

நான் ஒம்பது வருஷமா மாடித்தோட்டம் எழுதிட்டு இருக்கேன், நாலு விதமான நீளத்துலயும் எழுதி பாத்திருக்கேன், அதனால "இதுதான் சரியான நம்பர்"னு ஒண்ண சொல்லாம நாலையும் பக்கத்துல பக்கத்துல வச்சு சொல்றேன், உங்க போஸ்டுக்கு எது பொருந்துதுன்னு நீங்களே எடுத்துக்கலாம். ஒரு பக்கம் நான் சாய்வேன், அதையும் மறைக்காம சொல்றேன்.

முதல்ல ஒண்ணு: அந்த நம்பர் எல்லாம் தமிழுக்கு அப்படியே ஒத்துவராது

1,500, 2,000, 2,400னு இணையத்துல சுத்துற நம்பர் எல்லாமே இங்கிலீஷ் போஸ்டுகள அளந்து வந்தது. நம்ம மொழி சொல்ல கட்டுற விதமே வேற. "நேத்து வரமுடியாதவங்களுக்காக"ன்னு நான் எழுதினா ரெண்டே சொல், இதையே இங்கிலீஷ்ல சொல்ல எட்டு ஒம்பது சொல் வேணும். யாருக்கு, எப்போ, முடிஞ்சுதா முடியலயா, ஒருத்தரா பல பேரா எல்லாத்தையும் நாம ஒரு சொல்லோட வால்லயே ஒட்டிட்டு போயிடறோம். அதனால இங்கிலீஷ்ல 1,000 சொல்லுக்கு வர்ற விஷயம் தமிழ்ல 700 சொல் பக்கத்துலயே முடிஞ்சிடும், இது நானே ரெண்டு மொழியிலயும் எழுதி பாத்த கணக்கு.

அதுலயும் நாம ஆளாளுக்கு ஒரு மாதிரி இடம் விட்டு டைப் பண்றோம். "ஊத்தவேண்டியதில்லை"ன்னு சேத்து அடிச்சா ஒரு சொல், "ஊத்த வேண்டியது இல்லை"ன்னு பிரிச்சு அடிச்சா மூணு சொல். ஒரே விஷயத்த ரெண்டு பேர் டைப் பண்ணா நூறு நூத்தம்பது சொல் வித்தியாசம் சாதாரணமா வரும். அப்ப வேர்ட் கவுண்ட்ட பாத்து "ஐயோ 1,850தான் இருக்கு, இன்னும் 150 சேக்கணும்"னு உக்காந்து இழுக்கறதுல என்ன அர்த்தம் இருக்கு சொல்லுங்க.

நான் இப்பல்லாம் ரெண்டு அளவுதான் பாக்கறேன். ஒண்ணு, என் போன்ல எத்தனை ஸ்க்ரீன் வருது. சாதாரண எழுத்து சைஸ்ல ஒரு ஸ்க்ரீனுக்கு சுமார் 80 தமிழ் சொல் வருது, அப்ப 800 சொல்னா பத்து ஸ்க்ரீன், 2,000 சொல்னா இருபத்தஞ்சு. ரெண்டாவது, டைமர் வச்சு நிதானமா படிச்சா எத்தனை நிமிஷம் ஆகுது. எனக்கு நிமிஷத்துக்கு 160 சொல் மாதிரி வருது. மீடியம்ங்கற பிளாக் தளத்துல போஸ்டுக்கு மேல "இத்தனை நிமிஷ வாசிப்பு"ன்னு போடுவாங்களே, அவங்க கணக்கு நிமிஷத்துக்கு 265 இங்கிலீஷ் சொல். அதே கணக்க தமிழுக்கு போட்டா வாசகருக்கு பொய் நேரம்தான் காட்டும்.

எத வச்சு எடை போடறது

நீளத்த முடிவு பண்றதுக்கு முன்னாடி நான் அஞ்சு விஷயம் கேட்டுக்குவேன்.

வந்தவங்க என்ன கேள்வியோட வந்தாங்க. இதுதான் எல்லாத்துக்கும் மேல. "எத்தனை மில்லி"ன்னு கேக்க வந்தவருக்கும், "முதல் தடவ தோட்டம் போடறேன், எங்கருந்து ஆரம்பிக்கறது"ன்னு கேக்க வந்தவருக்கும் ஒரே நீளத்துல பதில் சொல்ல முடியாது.

எதுல, எந்த நிலைமையில படிக்கறாங்க. என் வாசகர்கள்ல பத்துல ஒம்பது பேரு போன்லதான் வர்றாங்க. பஸ்ல நின்னுட்டு படிக்கறவங்க, அடுப்புல ஏதோ வச்சிட்டு படிக்கறவங்க, மண்ணு ஒட்டுன கையோட மாடியில நின்னு படிக்கறவங்க.

முடிவு வரைக்கும் வர்றாங்களா. இதுல கொஞ்சம் மனசு கஷ்டப்பட்டாலும் உண்மைய தெரிஞ்சுக்கறது நல்லது. வெப் பக்கத்த ஆட்கள் எப்படி பயன்படுத்தறாங்கன்னு ஆராயற ஜேக்கப் நீல்சன் 1997லயே ஆட்கள உக்கார வச்சு சோதிச்சு பாத்தாரு, 79 சதவீதம் பேரு புதுப் பக்கத்த மேலோட்டமா கண்ண ஓட்டினாங்க, 16 சதவீதம் பேருதான் சொல் சொல்லா படிச்சாங்க. 2008ல அவரே திரும்ப கணக்கு போட்டப்ப, ஒரு சராசரி விசிட்ல ஆகுற நேரத்துக்கு அதிகபட்சம் 28 சதவீத சொல்லத்தான் படிக்க முடியும், நிஜத்துல 20 சதவீதம்தான் இருக்கும்னு சொன்னாரு. தளத்துக்கு வர்றவங்க எவ்ளோ நேரம் இருக்காங்கன்னு அளக்கற சார்ட்பீட் நிறுவனத்த நடத்திட்டு இருந்த டோனி ஹெய்ல் 2014ல சொன்னது இன்னும் உறைக்கும்: 55 சதவீத விசிட் 15 செகண்டுக்கும் குறைவு. இதெல்லாம் இங்கிலீஷ் தளங்கள்ல எடுத்த கணக்குதான், ஆனாலும் நம்ம வாசகர் மட்டும் தனியா வேற மாதிரி இருப்பாங்கன்னு நம்ப எனக்கு ஒரு காரணமும் கிடைக்கல.

எழுத எனக்கு எவ்ளோ நேரம் ஆகுது. இத யாருமே கணக்குல எடுக்க மாட்டாங்க. வேலைக்கு போயிட்டு வந்து ராத்திரி எழுதறவங்களுக்கு 2,000 சொல்ங்கறது ரெண்டு வாரம்.

கடைசியா, ஒரு வருஷம் கழிச்சும் இத யாராவது தேடி வருவாங்களா, வந்தா அப்ப அதுல இருக்கற தகவல் சரியா இருக்குமா, மாறியிருந்தா திருத்த எனக்கு எவ்ளோ வேலை.

300 சொல்: நாலு ஸ்க்ரீன்ல முடிஞ்சிடும்

இதுக்கு நடந்த ஒண்ண சொல்லணும். ஆறு வருஷம் முன்னாடி கத்தரிச்செடியில வர்ற மாவுப்பூச்சி பத்தி 1,900 சொல்லுல ஒரு போஸ்ட் எழுதினேன். பூச்சி எப்படி பெருகுது, எறும்பு ஏன் அது கூடவே வருது, எந்தெந்த செடிக்கு தாவும்னு எல்லாமே இருந்துச்சு, எழுதி முடிச்சப்ப ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. ஒரு நாள் சாயந்திரம் எங்க அண்ணி மாடியில நின்னுட்டு இருந்தாங்க, ஒரு கையில ஸ்ப்ரே பாட்டில், இடுப்புல வேப்பெண்ணெய் பாட்டில சாச்சு பிடிச்சிருக்காங்க, இன்னொரு கையில போன், கட்டை விரலால தள்றாங்க, தள்றாங்க, தள்ளிட்டே இருக்காங்க. "எத்தனை மில்லி ஊத்தணும்னு எங்க எழுதி வச்சிருக்க?"ன்னு கேட்டாங்க. அது பத்தொம்பதாவது ஸ்க்ரீன்ல இருந்துச்சு. ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரையறதுக்கு கொஞ்சம் காதி சோப்பு தண்ணி, வெயில் இறங்கின பிறகு இலைக்கு அடியிலயும் படற மாதிரி அடிக்கணும். அவ்ளோதான் அவங்களுக்கு வேண்டியிருந்துச்சு. அந்த பதில நான் அவங்களுக்கு எட்டாத இடத்துல ஒளிச்சு வச்சிருந்தேன்.

அன்னிக்கே அந்த அளவ மட்டும் எடுத்து 300 சொல்லுல தனி போஸ்டா போட்டேன். இன்னிக்கு வரைக்கும் என் பிளாக்ல அதிகமா தேடி வர்ற பக்கம் அதுதான்.

அளவு, தேதி, ஒரு சின்ன திருத்தம், ஒரு கேள்விக்கு ஒரு பதில், இதுக்கெல்லாம் 300 போதும். போன்ல ஒரே மூச்சுல முடிஞ்சிடும், எழுத முக்கா மணி நேரம், தப்பு இருந்தா அஞ்சு நிமிஷத்துல திருத்திடலாம்.

மறைஞ்சிருக்கற செலவு வேற இடத்துல வரும். சின்ன போஸ்ட்ல எத வெட்டறோம்ங்கறது முக்கியம், எச்சரிக்கைய வெட்டிட்டா போச்சு. நான் முதல்ல போட்ட 300 சொல்லுல "வெயில் இறங்கின பிறகு"ங்கறது இல்ல, ஒருத்தர் உச்சி வெயில்ல அடிச்சு இலை எல்லாம் கருகிப் போச்சுன்னு போட்டோவோட எழுதினாரு, அந்த குற்ற உணர்ச்சி ரொம்ப நாள் இருந்துச்சு. அடுத்து, நீங்க எழுதாம விட்டது எல்லாம் கமெண்ட்ல கேள்வியா திரும்பி வரும், அதுக்கு பதில் சொல்ற நேரத்தையும் சேத்து பாத்தா 300 சொல் அவ்ளோ மலிவு இல்ல. இன்னொண்ணு, சின்னச் சின்னதா அறுபது போஸ்ட் சேந்ததுக்கு அப்புறம் ஒரே விஷயத்த மூணு இடத்துல மூணு விதமா சொல்லியிருப்பீங்க. தேடி வர்றவருக்கு எது புதுசுன்னு தெரியாது, கூகுளுக்கும் எத காட்டறதுன்னு தெரியாது, உங்க போஸ்டே உங்க போஸ்ட்டோட போட்டி போடும்.

700ல இருந்து 900 சொல்: பத்து ஸ்க்ரீன், ஒரு டீ குடிக்கற நேரம்

என் சாய்வு இந்தப் பக்கம்தான், அத இப்பவே சொல்லிடறேன். ஒரு விஷயத்த ஏன், எப்படி, எங்க தப்பு நடக்கும்னு மூணையும் சொல்ல இந்த இடம் போதும். நிதானமா படிச்சா அஞ்சு நிமிஷம் ஆகும், காத்திருக்கற பஸ் வந்து சேர்றதுக்குள்ள முடிச்சிடலாம்.

2013 கடைசியில மீடியம் தளம் தன்னோட போஸ்டுகள வச்சு ஒரு கணக்கு வெளியிட்டுச்சு, ஏழு நிமிஷ போஸ்டுலதான் ஆட்கள் மொத்தமா அதிக நேரம் செலவழிக்கறாங்கன்னு. அத இங்கிலீஷ்ல 1,600 சொல் பக்கம்னு சொல்வாங்க. நான் சொன்ன வேகத்துல ஏழு நிமிஷம்னா தமிழ்ல 1,100 சொல்தான் வரும். அதாவது "1,600 எழுதுங்க"ன்னு எல்லாரும் அத மேற்கோள் காட்டறப்ப நமக்கு உண்மையில பொருந்தற நீளம் அதவிட நல்லாவே கம்மி. இன்னொண்ணும் அந்த அறிக்கையிலயே இருக்கு, அத யாரும் எடுத்து சொல்றதில்ல: நல்ல போஸ்ட் எந்த நீளத்துல இருந்தாலும் நல்லாத்தான் போகுது, எல்லாத்தையும் ஏழு நிமிஷத்துக்கு இழுக்கவோ சுருக்கவோ வேண்டாம்னு அவங்களே சொல்லியிருக்காங்க.

இந்த நீளத்தோட மறைஞ்ச செலவு முன்னுரை. 800 சொல் எழுத உக்காந்தா கை தானா "இன்றைய அவசர உலகில்"னு ஆரம்பிக்கும். நான் என் பழைய போஸ்ட் இருபத எடுத்து எண்ணி பாத்தேன், பதினாலுல முதல் 150, 200 சொல் எடுத்து தூர போட்டாலும் ஒரு நஷ்டமும் இல்ல. பத்து ஸ்க்ரீன்ல ரெண்டு ஸ்க்ரீன் வெறும் வாசப்படி. 15 செகண்ட்ல கிளம்பறவங்க அந்த வாசப்படியிலயே திரும்பிடுவாங்க.

இன்னொரு பொறி, 400 சொல் விஷயத்த 800 ஆக்கறது. 2018ல கூகுள் ஆட்சென்ஸ், அதாவது நம்ம பக்கத்துல விளம்பரம் போட்டு காசு தர்ற கூகுளோட சேவை, தமிழுக்கு வந்ததுக்கு அப்புறம் இது ஜாஸ்தியாச்சு, பக்கம் நீளமானா நடுவுல இன்னும் ரெண்டு விளம்பரம் போட இடம் கிடைக்குமே. சமையல் குறிப்புல வெங்காயத்தோட மருத்துவ குணம் எட்டு வரி வர்றது அப்படித்தான். வாசகர் ஒரு தடவ மன்னிப்பாங்க, ரெண்டு தடவ மன்னிப்பாங்க, மூணாவது தடவ உங்க பேர பாத்தாலே தேடல் பட்டியல்ல அடுத்த லிங்க்குக்கு போயிடுவாங்க. அந்த நஷ்டம் எந்த ரிப்போர்ட்லயும் வராது.

நடுத்தர நீளம் தோக்கற இடமும் இருக்கு. விஷயம் படிப்படியா போகுது, படிக்கறவங்க கூடவே செஞ்சுட்டு வர்றாங்கன்னா 800ல ஏதோ ஒரு படி கட்டாயம் விட்டுப் போகும். அந்த மாதிரி நேரத்துல நடுவுல நிக்காதீங்க, பெருசா எழுதிடுங்க.

1,500ல இருந்து 2,500 சொல்: ஒரே இடத்துல எல்லாம்

பெரிய போஸ்ட் யாரும் படிக்க மாட்டாங்கன்னு சொல்றவங்ககிட்ட நான் ஒத்துக்க மாட்டேன். அமெரிக்காவோட பியூ ஆய்வு மையம் 2016ல வெளியிட்ட ஆய்வு ஒண்ணு இருக்கு, செல்போன்ல செய்திக் கட்டுரை படிக்கறவங்கள பத்தினது. 1,000 சொல்லுக்கு மேல இருக்கற இங்கிலீஷ் கட்டுரையில ஒரு வாசகர் சராசரியா 123 செகண்ட் இருந்தாங்க, சின்ன கட்டுரையில 57 செகண்ட். கட்டுரைக்கு வந்த ஆள் எண்ணிக்கை ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். போன்ங்கறதால நீளமானத ஒதுக்கல. ஆனா கூடவே இதையும் பாருங்க, 123 செகண்ட்ங்கறது ரெண்டு நிமிஷம் சொச்சம், ஆயிரம் சொல்ல முழுசா படிக்கவே அது பத்தாது. அப்ப பெரிய கட்டுரைக்கு வந்தவங்க கூடுதலா இருந்தாங்க, முழுசா படிச்சாங்கன்னு சொல்ல முடியாது. வேண்டிய இடத்த தேடி எடுத்துட்டு போயிருப்பாங்கன்னுதான் நான் நினைக்கறேன்.

கூகுள் விஷயத்துக்கு வருவோம், பயமே அங்கதானே இருக்கு. 2016ல, தேடல்ல மேல வர்றது எப்படின்னு எழுதற பேக்லிங்கோ தளம் பத்து லட்சம் தேடல் முடிவுகள ஆராஞ்சு முதல் பக்கத்துல வர்றதோட சராசரி 1,890 சொல்னு சொன்னாங்க, 2020ல ஒரு கோடிக்கு மேல எடுத்து பாத்தப்ப அது 1,447 ஆச்சு. முதல் நம்பர் மட்டும் எல்லார் வாயிலயும் தங்கிடுச்சு. நீளமா இருந்ததால மேல வந்துச்சா, இல்ல உழைச்சு எழுதினவங்க இயல்பாவே கொஞ்சம் நீளமா எழுதினாங்க, அந்த உழைப்பு மேல கொண்டு வந்துச்சா? ரெண்டாவதுதான்னு நான் நம்பறேன். கூகுளோட சொந்த வழிகாட்டியிலயே ஒரு கேள்வி இருக்கு: கூகுளுக்கு குறிப்பிட்ட சொல் எண்ணிக்கை பிடிக்கும்னு கேள்விப்பட்டு அந்த எண்ணிக்கைக்கு எழுதறீங்களா? பக்கத்துலயே பதிலும் போட்டிருக்காங்க, அப்படி எங்களுக்கு ஒண்ணும் இல்லன்னு. இதுக்கு மேல தெளிவா யாரு சொல்லணும்.

அப்ப எதுக்கு பெருசா எழுதணும்? வாசகர் திரும்பத் திரும்ப வந்து பாக்கற விஷயத்துக்கு. என்னோட மண்கலவை போஸ்ட் 2,300 சொல். செம்மண் எவ்ளோ, தொழு உரம் எவ்ளோ, தேங்காய் நார்க்கழிவ எத்தனை தடவ அலசணும், கீரைக்கு எப்படி, கிழங்குக்கு எப்படி, தண்ணி தேங்கினா என்ன பண்றது, பழைய மண்ண திரும்ப எப்படி தயார் பண்றதுன்னு எல்லாம் ஒரே இடத்துல. இத ஏழு சின்ன போஸ்டா போட்டா வாசகர் ஏழு இடத்துக்கு ஓடணும். பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்கறது, முதல் தடவ பாஸ்போர்ட் எடுக்கறது மாதிரி விஷயமும் இதே வகைதான், ஒரு படி விட்டுப் போனா ஒரு நாள் லீவு போட்டு திரும்ப போகணும், அங்க நீளம் வாசகரோட காச மிச்சப்படுத்துது.

ஆனா செலவு நிறைய. ஆர்பிட் மீடியாங்கற அமெரிக்க வெப் நிறுவனம் வருஷா வருஷம் பிளாகர்கள்கிட்ட கேட்டு சொல்ற கணக்குல 2014ல சராசரி போஸ்ட் 808 சொல், எழுத ரெண்டரை மணி நேரத்துக்கு கொஞ்சம் கம்மி. சமீப வருஷங்கள்ல 1,400 சொல் பக்கம் வந்துடுச்சு, நேரமும் நாலு மணி நேரத்த தொட்டுடுச்சு. எனக்கு அந்த மண்கலவை போஸ்டுக்கு மூணு வாரம் ஆச்சு, அந்த மூணு வாரமும் பிளாக்ல வேற ஒண்ணும் வரல. அதோட முடியல. விலை மாறும், ஒரு பொருள் கிடைக்காம போகும், நானே சொன்னது தப்புன்னு பின்னாடி தெரியவரும். 2,300 சொல்லுக்குள்ள அந்த ஒரு வரி எங்க இருக்குன்னு தேடி திருத்தணும், திருத்தினது கீழ இருக்கற வேற வரியோட முட்டுதான்னும் பாக்கணும். வருஷத்துக்கு ஒரு முழு ஞாயித்துக்கிழமை அதுக்கே போகுது.

பெருசா எழுதினா ஒரு கடமை இருக்கு. மேலயே, முதல் ஸ்க்ரீன்லயே முக்கியமான பதில சொல்லிடணும், அதுக்கு கீழ தலைப்புகளோட பட்டியல், தொட்டா அந்த இடத்துக்கு போற மாதிரி. ஒவ்வொரு தலைப்பும் வாசகர் கேக்கற கேள்வியாவே இருக்கணும். "நீர் மேலாண்மை"ன்னு போடாதீங்க, "தொட்டியில தண்ணி தேங்கினா என்ன பண்றது"ன்னு போடுங்க. எங்க அண்ணிக்கு அன்னிக்கு இந்த வசதி இருந்திருந்தா 1,900 சொல்லும் அவங்களுக்கு பாரமா இருந்திருக்காது.

தொடர்: 600, 600ஆ எட்டு வாரம்

வார இதழ்ல தொடர்கதை படிச்சு வளந்தவங்க நாம, "தொடரும்"ங்கற சொல்லுக்கு நம்ம மனசுல தனி இடம் இருக்கு. விதை போட்டதுலருந்து பூ பூக்கற வரைக்கும் ஒரு தக்காளிச் செடிய வாரா வாரம் எழுதினேன், வாசகர்களும் கூடவே விதை போட்டாங்க, "எனக்கு ரெண்டு இலை வந்துடுச்சு", "எனக்கு இன்னும் முளைக்கல"ன்னு கமெண்ட்ல பேச்சு ஓடிட்டே இருந்துச்சு. ஒம்பது வருஷத்துல அவ்ளோ நெருக்கம் வேற எந்த நீளத்துலயும் எனக்கு கிடைக்கல. காலம் ஓடறதே விஷயமா இருந்தா, வாசகர் கூடவே நடந்து வரணும்னா, தொடர மிஞ்ச ஒண்ணும் இல்ல.

ஆனா மூணாவது வாரத்துலயே ஆள் குறைய ஆரம்பிக்கும், முதல் பகுதிக்கு வந்தவங்கள்ல பாதிப்பேர்கூட கடைசி வரைக்கும் வரல எனக்கு. நடுவுல காய்ச்சல் வந்து ரெண்டு வாரம் விட்டேன், நின்ன வண்டிய திரும்ப தள்ளற மாதிரி ஆச்சு. அதுக்கப்புறம் வர்ற சிக்கல் பெருசு: ஒரு வருஷம் கழிச்சு ஒருத்தர் தேடல்ல நேரா அஞ்சாம் பகுதிக்கு வந்து விழுவாரு, அதுல "போன வாரம் சொன்ன மாதிரி"ன்னு இருக்கும், அவருக்கு எந்த போன வாரம்? அதனால எட்டு பகுதியிலயும் மேலயும் கீழயும் லிங்க் போட்டு, ஒவ்வொண்ணும் தனியா படிச்சாலும் புரியற மாதிரி ரெண்டு வரி சேத்து, மொத்தத்துக்கும் ஒரு முகப்பு பக்கம் போடணும். அந்த வேலைய நான் தொடர் முடிஞ்சு நாலு மாசம் கழிச்சுதான் செஞ்சேன், அது வரைக்கும் வந்தவங்க எத்தனை பேர் குழம்பிப் போனாங்களோ.

பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தா

நேரக்கணக்கு எல்லாம் என்னோடது, உங்களுக்கு கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும்.

| | 300 சொல் | 700–900 சொல் | 1,500–2,500 சொல் | தொடர் |
|---|---|---|---|---|
| போன்ல | 4 ஸ்க்ரீன் | 10 ஸ்க்ரீன் | 20–30 ஸ்க்ரீன் | வாரம் 7–8 ஸ்க்ரீன் |
| படிக்க | 2 நிமிஷம் | 5 நிமிஷம் | 10–15 நிமிஷம் | வாரம் 4 நிமிஷம் |
| எழுத | முக்கா மணி | 3 மணி | 2–3 வாரம், விட்டு விட்டு | வாரம் 2 மணி, நிறுத்தாம |
| எதுக்கு | ஒரு அளவு, ஒரு பதில் | ஏன், எப்படி, எங்க தப்பு நடக்கும் | கூடவே செய்யற வேலை, திரும்ப வந்து பாக்கறது | காலத்தோட நகர்ற விஷயம் |
| மறைஞ்ச செலவு | விட்டுப்போன எச்சரிக்கை, கமெண்ட் வேலை | வெத்து முன்னுரை, இழுவை | வருஷா வருஷம் திருத்தணும் | நடுவுல விட்டா போச்சு, லிங்க் வேலை |

கேட்ட ரெண்டு பேருக்கும்

சமையல் எழுதறவங்களுக்கு முதல்ல. நீங்க நீளத்த குறைக்கணும்னு கூட அவசியமில்ல, வரிசைய மாத்துங்க. பொருள், அளவு, செய்முறை மூணும் முதல் மூணு ஸ்க்ரீன்ல வந்துடட்டும், உங்க பாட்டி இந்த குழம்ப எப்படி கூட்டுவாங்கங்கற கதை அதுக்கு கீழ வரட்டும். அந்த கதைய எடுத்துடாதீங்க, அது நல்லா இருக்கு, அதுக்காகவே வர்றவங்க இருக்காங்க, அவங்க கீழ வரைக்கும் வருவாங்க. அடுப்புல எண்ணெய் காஞ்சிட்டு இருக்கறவங்களுக்குத்தான் உப்பு முதல்ல வேணும். ரெண்டு போஸ்டுல மட்டும் இப்படி மாத்தி ஒரு மாசம் பாருங்க, "உப்பு எவ்ளோ"ங்கற கமெண்ட் குறையுதான்னு எண்ணுங்க. எந்த ரிப்போர்ட்ட விடவும் அந்த எண்ணிக்கை உங்களுக்கு சரியா சொல்லும்.

மீன் அமிலம் எழுதின தம்பிக்கு. 600 சொல்லுல நீங்க மீனும் வெல்லமும் சம எடைன்னு சொல்லிட்டீங்க, எத்தனை நாள் மூடி வைக்கணும்னு சொல்லிட்டீங்க, எப்படி கலந்து தெளிக்கணும்னும் சொல்லிட்டீங்க. நான் படிச்சதுல ரெண்டுதான் விட்டுப் போயிருக்கு: நாய் பூனை இழுத்துட்டு போகாம டப்பாவ எங்க வைக்கறது, கெட்டுப் போச்சுன்னா எப்படி தெரிஞ்சுக்கறது. ரெண்டுக்கும் சேத்து நூறு சொல் போதும், 700 ஆச்சு, அங்க நிறுத்திடுங்க. மீனோட சத்து பட்டியல், இயற்கை விவசாய வரலாறு எதையும் உள்ள கொண்டு வராதீங்க. இன்னிக்கு ராத்திரியே போட்டுட்டு லிங்க்க அனுப்புங்க, நாளைக்கு காலையில பஸ்ல போறப்ப போன்ல படிச்சிட்டு எந்த ஸ்க்ரீன்ல என் கை நின்னுச்சுன்னு எழுதறேன்.